ராத்திரி டாக்டரை யார் பார்ப்பது?

வாரத்துக்கு 168 மணி நேரம். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரின் கிளினிக் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 மணியிலிருந்து மாலை 6.30 வரை. (அங்கே அதை 'சர்ஜரி' என்கிறார்கள். கத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) கூட்டினால் 52½ மணி. மிச்சம் 115½ மணி நேரத்துக்கு, அதாவது வாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாக, உங்கள் டாக்டர் உங்களுக்கு இல்லை. அந்த நேரத்தைத்தான் 'அவுட் ஆஃப் அவர்ஸ்' என்று சொல்கிறார்கள். அந்த நேரத்தில் வேறொருவர் வருவார், அல்லது வேறொருவர் போனில் பேசுவார்.

அந்த வேறொருவர் சரியானவர்தானா என்று யார் பார்ப்பது? இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது. முப்பத்து நாலு வருஷம் தணிக்கைத் துறையில் அடுத்தவர் வேலையைச் சோதித்தே சம்பளம் வாங்கியவன் நான். இந்த மாதிரி விஷயம் கண்ணில் பட்டால் விட முடிவதில்லை.

முதலில் பழைய கதை. 1948 ஜூலை 5ல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. என்.எச்.எஸ். என்று நம் வீடுகளிலும் இப்போது சர்வசாதாரணமாகப் புழங்கும் பெயர். அதில் குடும்ப மருத்துவர் அரசு ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். ஒப்பந்தத்தின் சாரம் இது: தன் பட்டியலில் உள்ள நோயாளிகளுக்கு இருபத்து நாலு மணி நேரமும் வருஷம் முழுக்க அவரே பொறுப்பு. தானே போகலாம், கூட்டாளியை அனுப்பலாம், வேறு டாக்டரை ஏற்பாடு செய்யலாம். ஆனால் பொறுப்பு அவருடையது.

என் பெரியக்கா வீட்டு அத்தான் மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து 1976ல் அங்கே போனவர். முதலில் ஆஸ்பத்திரி வேலை, பிறகு லங்காஷயர் பக்கம் ஒரு பஞ்சாலை ஊரில் குடும்ப மருத்துவர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். அந்த மாதிரி ஊர்களுக்கு உள்ளூர் டாக்டர்கள் போக விரும்பவில்லை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போனவர்கள்தான் அங்கே நிரம்பினார்கள். வீட்டில் இரண்டு போன் இருந்ததாம், ஒன்று கட்டில் பக்கத்தில். அத்தான் ராத்திரி ஒரு வீட்டுக்குப் போயிருக்கும்போது அடுத்த அழைப்பு வந்தால் எடுப்பது அக்கா. "எம்.ஏ. தமிழ் படிச்ச எனக்கு, குழந்தைக்கு மூச்சு எப்படி இழுக்குன்னு கேக்கத் தெரிஞ்சுபோச்சுடா" என்பாள். அந்த நாட்டில் ஆயிரக்கணக்கான டாக்டர் மனைவிகள் இப்படிச் சம்பளமில்லாத ராத்திரி டெலிபோன் ஆபரேட்டர்களாக இருந்திருக்கிறார்கள். எந்தக் கணக்கிலும் அது வரவில்லை.

அந்தக் காலத்து ராத்திரி சேவையை யாரும் ஆய்வு செய்யவில்லை. புகார் வந்தால் விசாரணை உண்டு. புகார் கொடுக்கவும் வாரக் கணக்கில் கெடு உண்டு. மற்றபடி ஒரே கட்டுப்பாடு, ராத்திரி பார்த்த நோயாளியின் அம்மாவை மறுநாள் காலை கடைத்தெருவில் பார்த்தாக வேண்டும் என்பதுதான். அது சாதாரணக் கட்டுப்பாடு அல்ல. ஆனால் அதை வைத்து, அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. இரண்டு முறை எழுந்து போய்விட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு நாற்பது பேரைப் பார்க்க உட்காரும் மனிதர் எழுதும் மருந்துச் சீட்டு எப்படி இருக்கும்? யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாத இடத்தில் குறை இருக்காது. இது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

எல்லா டாக்டர்களும் எழுந்து போனார்கள் என்றும் இல்லை. 1956லேயே லண்டனில் மாற்று மருத்துவர் சேவை வந்துவிட்டது. கட்டணம் கட்டினால் ராத்திரி உங்களுக்குப் பதிலாக ஒரு டாக்டரைக் காரில் அனுப்பும் வியாபாரம். பெரிய நகரங்களில் மளமளவென்று பரவியது. அந்தக் கார்களில் போனவர்களில் நம்மவர்கள் நிறைய. பகலில் ஆஸ்பத்திரியில் ஜூனியர், ராத்திரி கூடுதல் வருமானத்துக்கு இந்த வேலை. அறுபதுகளின் நடுவில் டாக்டர்கள் போர்க்கொடி தூக்கி வாங்கிய சலுகைகளில் ராத்திரி விசிட்டுக்குத் தனிக் கட்டணமும் ஒன்று. 1984ல்தான், மாற்று சேவைகளை உள்ளூர் குழுக்கள் கண்காணிக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. 1990 ஒப்பந்தத்தில் இன்னொரு தந்திரம்: டாக்டர் தானே போனாலோ சிறிய குழுவில் முறை வைத்துப் போனாலோ விசிட்டுக்கு 45 பவுண்டு, வாடகை டாக்டரை அனுப்பினால் 15 பவுண்டு. தரத்தை நேரில் போய்ப் பார்ப்பதற்குப் பதிலாக, விலையில் வித்தியாசம் வைத்துத் தரத்தை வரவழைக்கலாம் என்ற நம்பிக்கை. இது எல்லா அரசாங்கங்களுக்கும் வருகிற ஆசைதான்.

தொண்ணூறுகளில் ராத்திரி அழைப்புகள் பெருகின. டாக்டர்கள் அடங்கவில்லை. 1995ல் பேச்சுவார்த்தை முடிந்து, 4.5 கோடி பவுண்டு வளர்ச்சி நிதியோடு கூட்டுறவு முறை ஊக்குவிக்கப்பட்டது. ஒரு வட்டாரத்து டாக்டர்கள் நூறு பேர் சேர்ந்து முறை வைத்துக்கொண்டு, ஒரு மையத்தில் உட்கார்ந்து எல்லோருடைய நோயாளிகளையும் பார்ப்பது. அத்தானும் சேர்ந்தார். மாதம் இரண்டு மூன்று ராத்திரிதான் வேலை. கட்டில் பக்கத்துப் போன் போயிற்று. என்னைக் கேட்டால், இந்த முழு வரலாற்றிலும் ஓரளவு சமநிலை இருந்த காலம் இதுதான். ராத்திரி உட்கார்ந்திருப்பவர் உங்கள் டாக்டர் இல்லாவிட்டாலும் உங்கள் ஊர் டாக்டர். அவர் சரியில்லை என்றால் கூட்டுறவுக் கூட்டத்தில் மற்றவர்கள் முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

2000 அக்டோபரில் டேவிட் கார்சன் என்ற டாக்டரின் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. எல்லா ராத்திரி சேவைகளுக்கும் ஒரே தர அளவுகோல் வேண்டும், அதை வெளியார் சரிபார்க்க வேண்டும் என்றது. நல்ல யோசனை. ஆனால் அது முழுசாகக் காலூன்றுவதற்குள் தரையே நகர்ந்துவிட்டது.

2004 ஏப்ரலில் புதிய ஒப்பந்தம். வருஷத்துக்கு ஒரு டாக்டர் சராசரியாக 6,000 பவுண்டு விட்டுக்கொடுத்தால், இரவு, வார இறுதிப் பொறுப்பிலிருந்து முழுக்க விலகிக்கொள்ளலாம். நான் உடனே கால்குலேட்டரை எடுத்தேன். வாரத்துக்கு 115½ மணி, வருஷத்துக்கு 52 வாரம், மொத்தம் 6,006 மணி. மணிக்கு ஒரு பவுண்டு! பொறுப்பின் விலை அவ்வளவுதான் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த மாதிரி. யார்தான் விலகமாட்டார்கள்? பத்தில் ஒன்பது பேர் விலகினார்கள். அத்தானும் கையெழுத்துப் போட்டார். "தம்பி, வாழ்க்கையில முதல் தடவையா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா இருந்துச்சு" என்று போனில் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பொறுப்பு இப்போது 'பிரைமரி கேர் ட்ரஸ்ட்' என்ற வட்டார சுகாதார நிர்வாகங்களின் தலையில் விழுந்தது. அவர்கள் கூட்டுறவு அமைப்புகளிடமும் கம்பெனிகளிடமும் குத்தகைக்கு விட்டார்கள். தேசியத் தணிக்கை அலுவலகம் 2006ல் கணக்குப் பார்த்தபோது, 32.2 கோடி பவுண்டு ஒதுக்கிய இடத்தில் செலவு 39.2 கோடியாகியிருந்தது. மணிக்கு ஒரு பவுண்டுக்கு மாற்று ஆள் கிடைக்கமாட்டார் என்பது தெரிந்துபோயிற்று.

கூடவே, கார்சன் சொன்ன அளவுகோல்கள் 'தேசிய தரத் தேவைகள்' என்ற பெயரில் 2005 தொடக்கத்திலிருந்து கட்டாயமாயின. இவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போன் ஒரு நிமிடத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். அவசர அழைப்பு என்றால் 20 நிமிடத்துக்குள்ளும் மற்றவை 60 நிமிடத்துக்குள்ளும் மருத்துவம் தெரிந்த ஒருவர் பேச ஆரம்பிக்க வேண்டும். நேரில் பார்க்க வேண்டும் என்று முடிவானால், உயிர்போகிற அவசரத்துக்கு ஒரு மணி, அவசரத்துக்கு இரண்டு மணி, மற்றவற்றுக்கு ஆறு மணி நேரம். பார்த்த விவரம் அடுத்த வேலைநாள் காலை 8 மணிக்குள் நோயாளியின் சொந்த டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். 95 சதவீதம் தேறினால் முழுத் தேர்ச்சி.

ஒவ்வொரு டாக்டரின் வேலையிலும் சிலவற்றை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. ஆனால் எந்த அலுவலகத்திலும் எண்ணச் சுலபமானதைத்தான் முதலில் எண்ணுவார்கள். கம்ப்யூட்டர் தானாகக் கொடுப்பது நிமிடக் கணக்கு. மாதா மாதம் கம்பெனி அதை அட்டவணையாக்கி அனுப்பும். நிர்வாகம் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் பார்த்து ஃபைலில் வைக்கும். அந்த அட்டவணையில் விழாத மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 2005 ஈஸ்டர் விடுமுறை. லண்டனில் 41 வயதுப் பத்திரிகையாளர் ஒருவர், சிறு குழந்தையின் தாய். ஒரு சின்னச் சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சலும் வலியும் கண்டது. நீண்ட விடுமுறையில் நாலு நாட்களில் 'காமிடாக்' என்ற ராத்திரி சேவையின் எட்டு டாக்டர்களிடம் பேசியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் அது முதல் அழைப்பு. முந்தைய டாக்டர் எழுதிய குறிப்பு அடுத்தவர் கைக்கு வரும்படி ஏற்பாடு இல்லை. ரத்தத்தில் கிருமி பரவி அவர் இறந்துபோனார். எட்டுப் பேருமே நேரத்துக்குப் போன் எடுத்திருந்தால்கூட இது நடந்திருக்கும். ஒரே டாக்டர் எட்டு முறை கேட்டிருந்தால் மூன்றாவது முறையிலேயே காரை எடுத்திருப்பார். அக்காவே சொல்லியிருப்பாள்.

இரண்டாவதைத்தான் அந்த நாடு மறக்கவில்லை. 2008 பிப்ரவரி 16, சனிக்கிழமை. கேம்பிரிட்ஜ்ஷயரில் மேனியா என்ற கிராமம். எழுபது வயதுக்காரருக்குச் சிறுநீரகக் கல் வலி. 'டேக் கேர் நவ்' என்ற கம்பெனி அனுப்பிய டாக்டர் டேனியல் உபானி, ஜெர்மனியில் தொழில் செய்பவர். அவருக்கு அது பிரிட்டனில் முதல் ஷிப்ட். முந்தின நாள்தான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். அங்கே ஜெர்மன் டாக்டர்கள் வார இறுதிக்கு இப்படிப் பறந்து வந்து சம்பாதித்துவிட்டுத் திரும்புவது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. அவர் போட்ட ஊசி டயமார்ஃபின், 100 மில்லிகிராம். ஒரு நாளைக்குக் கொடுக்கலாம் என்று சொல்லப்படும் அதிகபட்ச அளவைப்போல் பத்து மடங்கு. நோயாளி அன்றே இறந்தார். ஜெர்மனியில் குடும்ப மருத்துவர் கையில் டயமார்ஃபினே கிடையாது. பெதிடின் என்ற வேறு மருந்தோடு குழப்பிக்கொண்டதாக அவர் பிறகு சொன்னார்.

இது ஒரு தனி மனிதரின் தவறா? தவறுதான். ஜெர்மனியில் நீதிமன்றம் ஒன்பது மாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் 5,000 யூரோ அபராதமும் விதித்தது. பிரிட்டனில் மரண விசாரணை அதிகாரி 2010 பிப்ரவரியில் 'சட்டவிரோதக் கொலை' என்று தீர்ப்பளித்தார். அதே வருஷம் மருத்துவக் கவுன்சில் அவர் பெயரை நீக்கியது. ஆனால் ஒரு தணிக்கையாளன் அங்கே நிற்கமாட்டான். இந்த மனிதர் அந்த வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்னால் எத்தனை கதவுகள் திறந்திருந்தன என்று எண்ணுவான்.

ராத்திரி வேலை பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு வட்டார நிர்வாகத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். லீட்ஸ் நிர்வாகம், இவருக்கு ஆங்கிலம் போதாது என்று மறுத்துவிட்டது. கார்ன்வால் நிர்வாகம் சேர்த்துக்கொண்டது. ஓர் இடத்தில் பெயர் ஏறினால் நாடு முழுக்கச் செல்லும். லீட்ஸ் மறுத்த சேதி கார்ன்வாலுக்குத் தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. இது முதல் கதவு.

இரண்டாவது கதவைச் சொன்னால் அத்தானுக்குக் கோபம் வரும். 1975 முதல், இந்தியாவிலிருந்து போகிற டாக்டர் ஆங்கிலமும் மருத்துவமும் தேர்வு எழுதித் தேறினால்தான் அங்கே தொழில் செய்யலாம். அத்தான் எழுதியிருக்கிறார், அவருக்குப் பின்னால் போன ஆயிரக்கணக்கானோர் 'பிளாப்' என்ற பெயரில் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய டாக்டருக்கு அந்தத் தேர்வு கிடையாது. தடையற்ற நடமாட்டம் என்ற சட்டப்படி, மருத்துவக் கவுன்சில் அவர்களிடம் மொழித் தேர்வு வைக்க அனுமதியே இல்லை. ஆங்கிலத்தில் பாடம் படித்துப் போனவரைச் சோதித்தார்கள், ஜெர்மன் மொழியில் படித்து வந்தவரை விட்டார்கள். அந்த அதிகாரம் மருத்துவக் கவுன்சிலுக்கு 2014ல்தான் கிடைத்தது.

மூன்றாவது கதவு மருந்துப் பெட்டி. அதிக அளவு மார்ஃபின், டயமார்ஃபின் ஆம்பூல்களைத் தனியாக வைக்க வேண்டும், குழப்பம் வந்தால் உயிர் போகும் என்று தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2006 மே மாதத்திலேயே எச்சரிக்கை அனுப்பியிருந்தது. மரணப் படுக்கையில் இருக்கும் புற்றுநோயாளிகளுக்காக வைத்திருந்த ஆம்பூல், கல் வலிக்குப் போன டாக்டரின் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதைவிட, 2007ல் இதே கம்பெனியில் ஜெர்மனியிலிருந்து வந்த வேறு டாக்டர்கள் இதே மருந்தை இதே போல் அதிகமாகக் கொடுத்த சம்பவங்கள் நடந்திருந்தன. அந்த நோயாளிகள் பிழைத்துக்கொண்டார்கள். அதனால் பாடம் கம்பெனிக்குள்ளேயே படுத்துவிட்டது.

இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது சி.கியூ.சி. எனப்படும் கேர் குவாலிட்டி கமிஷன். 2009ல் பிறந்த புது ஆய்வு அமைப்பு. அதன் அறிக்கை 2010 ஜூலையில் வந்தது. கம்பெனியைக் கண்டித்தது எதிர்பார்த்ததுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது மறுபாதி. அந்தக் கம்பெனிக்குக் குத்தகை கொடுத்திருந்த ஐந்து வட்டார நிர்வாகங்களும் அது அனுப்பிய அறிக்கையை வைத்தே அதைக் கண்காணித்திருந்தன. உள்ளே போய்ப் பார்க்கவில்லை. எங்கள் துறையில் ஒரு பழைய ஜோக் உண்டு. பஞ்சாயத்து ரோடு ஒன்றைத் தணிக்கை செய்யப் போனவர், "எல்லாம் சரியா இருக்கு, மெஷர்மென்ட் புக், பில், கையெழுத்து எல்லாம் பக்கா. ரோடு மட்டும் இல்லை" என்று எழுதினாராம். அங்கே ரோடு இருந்தது, அதில் ஓடின காரையும் யாரோ ஓட்டினார்கள். ஓட்டுவது யார் என்று மட்டும் பார்க்கவில்லை.

மூன்றாவது சம்பவத்தில் யாரும் சாகவில்லை. ஆனால் தணிக்கைக்காரனுக்கு இதுதான் வயிற்றைக் கலக்கும். கார்ன்வாலில் ராத்திரி சேவையை நடத்தியது செர்கோ என்ற பெரிய ஒப்பந்த நிறுவனம். சிறைச்சாலை முதல் ரயில் வரை குத்தகை எடுக்கும் கம்பெனி. 2012 ஜனவரி முதல் ஜூன் வரை, ஆறு மாதத்தில், செயல்திறன் கணக்கில் 252 இடங்களில் தகவல் திருத்தப்பட்டிருந்தது. நிமிடக் கணக்கு நன்றாகத் தெரிவதற்காக. 2013 மார்ச்சில் தேசியத் தணிக்கை அலுவலகம் இதை எழுதிற்று. தணிக்கையாளர்கள் ராவோடு ராவாகக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், உள்ளே வேலை பார்த்தவர்கள் வெளியே சொன்னார்கள், ஒரு பத்திரிகை எழுதியது, அதற்கப்புறம்தான் எல்லோரும் போனார்கள். சேவை ஒட்டுமொத்தமாக ஆபத்தானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அந்த அறிக்கை நேர்மையாகச் சொன்னது. ஆள் போதவில்லை, அது மட்டும் நிச்சயம். ஆள் போதாத இடத்தில் நிமிடம் எங்கிருந்து வரும்? கீபோர்டிலிருந்து வந்தது.

அந்தச் சமயத்தில் முறையே மாறிக்கொண்டிருந்தது. 2012 ஏப்ரல் முதல் ராத்திரி சேவைகள் எல்லாம் சி.கியூ.சி.யில் பதிவு செய்தாக வேண்டும். 2013ல் டாக்டர் பட்டியல் வட்டாரத்துக்கு வட்டாரம் இல்லாமல் தேசம் முழுமைக்கும் ஒன்றானது. குடும்ப மருத்துவத்துக்கென்றே தலைமை ஆய்வாளர் பதவி உருவாகி, ஸ்டீவ் ஃபீல்ட் என்ற குடும்ப மருத்துவர் அதில் உட்கார்ந்தார். மேனியா சாவுக்குப் பிறகு அரசு கேட்ட ஆய்வறிக்கையை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

2014ன் முதல் மாதங்களில் 30 ராத்திரி சேவைகளுக்கு நேரில் போனார்கள். ஆய்வுக் குழுவில் ஒரு குடும்ப மருத்துவரும் இருப்பார். பல குழுக்களில் சாதாரண நோயாளி ஒருவரும் 'அனுபவ நிபுணர்' என்ற பெயரில் இருப்பார். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் ரேஷன் கடைச் சோதனைக்குக் கார்டுதாரர் ஒருவரைக் கூடவே அழைத்துப்போவது போல. கேள்விகள் ஐந்து: பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவாக நடத்துகிறார்களா, தேவைக்கேற்ப நடக்கிறதா, தலைமை சரியாக இருக்கிறதா. பெரும்பாலான இடங்கள் நன்றாகவே இருந்தன என்று அறிக்கை சொன்னது. குறை சொன்ன இடங்களில் இரண்டு விஷயங்கள் வந்தன. டாக்டரை வேலைக்கு எடுக்கும்போது செய்யவேண்டிய சரிபார்ப்பு. மருந்துகளைக் கையாளும் விதம். மேனியாவில் திறந்திருந்த அதே கதவுகள்!

அந்த வருஷத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2013-14ல் இந்தச் சேவைகள் கையாண்டவை சுமார் 58 லட்சம் அழைப்புகள். நேரில் பார்த்தவை 33 லட்சம். அதில் வீட்டுக்கே போனவை 8 லட்சம். செலவு சுமார் 40 கோடி பவுண்டு. சாவு இரண்டைப் பற்றிப் பேசுகிறவன் இந்த எண்களையும் சொல்லாவிட்டால் அது கோள் சொல்வது போலாகிவிடும். எட்டு லட்சம் முறை யாரோ ஒரு டாக்டர் இருட்டில் கதவு எண்ணைத் தேடிப் போயிருக்கிறார்.

எனக்கு இந்த விஷயத்தில் ஈடுபாடு வந்ததும் இப்படி ஒரு நல்ல அனுபவத்தில்தான். 2016ல் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேரனுக்குக் காது வலி. 111க்குப் போன் செய்து, அவர்கள் கேட்ட இருபது கேள்விக்கும் பதில் சொல்லி, அவர்கள் சொன்ன மையத்துக்குப் போனோம். காத்திருந்த இடத்தில் சுவரில் சி.கியூ.சி. மதிப்பீடு மாட்டியிருந்தது. 'குட்' என்று போட்டிருந்தார்கள். 2015 ஏப்ரலிலிருந்து இப்படி மாட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம். மகள் குழந்தையோடு உள்ளே போனாள், நான் அந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து முழு அறிக்கையையும் இணையத்தில் எடுத்து வாசித்தேன். "அப்பா, ரிட்டயர் ஆயி எத்தனை வருஷம் ஆச்சு?" என்றாள் மகள்.

வாசித்தது வீண் போகவில்லை. வேலைக்கு எடுத்த ஃபைல்களைப் புரட்டியிருந்தார்கள். டாக்டர் எடுத்துப்போகும் மருந்துப் பெட்டியில் சீல் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்திருந்தார்கள். போன் உரையாடல்களின் ஒலிப்பதிவைக் கேட்டுச் சோதிக்கும் வழக்கம் இருக்கிறதா, சரியில்லாத டாக்டரோடு யார் பேசினார்கள், அதற்குக் குறிப்பு உண்டா என்று கேட்டிருந்தார்கள். மரணப் படுக்கையில் இருக்கும் நோயாளிகளைப் பற்றி அவர்களின் சொந்த டாக்டர் எழுதும் தனிக்குறிப்பு ராத்திரி டாக்டரின் கம்ப்யூட்டரில் தெரிகிறதா என்றும். 2005 ஈஸ்டரில் எட்டு டாக்டர்களுக்குத் தெரியாமல் போன சமாச்சாரம் இப்போது ஒரு கேள்வியாகியிருந்தது. நிமிடக் கணக்கும் இருந்தது, ஒரு பத்தியில்.

விடுமுறைக்கு வந்திருந்த அத்தானிடம் ஒரு முறை இதைப் பற்றிப் பேசினேன். அவருக்கு ஆய்வாளர்கள் மேல் மரியாதை கிடையாது. "ஒருத்தன் நல்ல டாக்டரான்னு ஃபைல்ல தெரியாதுடா" என்றார். தெரியாதுதான். ஆனால் ஒருவர் டாக்டராக அங்கே நிற்கலாமா என்பது ஃபைலில் தெரியும். லீட்ஸ்காரர்களுக்குத் தெரிந்ததே? அக்கா நடுவில் புகுந்து, "ஃபைல் பாத்தாங்களோ இல்லையோ, யாராவது பாக்க வருவாங்கன்னு ஒரு பயம் இருந்தா போதும்" என்றாள்.

அந்தப் பயம் இப்போது அங்கே எப்படி இருக்கிறது என்பதற்கு 2024ல் ஒரு பதில் வந்தது. ஆய்வு செய்யும் சி.கியூ.சி.யையே ஆய்வு செய்ய, பென்னி டாஷ் என்பவரை அரசு அனுப்பியது. ஜூலையில் இடைக்கால அறிக்கை, அக்டோபரில் முழு அறிக்கை. கொரோனாவுக்கு முன்பிருந்ததைவிட நேரடி ஆய்வுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்திராத ஆய்வாளர்கள்கூட ஆஸ்பத்திரியை ஆய்வு செய்யப் போயிருக்கிறார்கள். புதிதாகப் போட்ட கம்ப்யூட்டர் சிஸ்டம் வேலையைச் சுலபமாக்குவதற்குப் பதிலாக முடக்கிப்போட்டது. மதிப்பிட வேண்டிய இடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஒரு முறைகூட மதிப்பீடு தரப்படவில்லை. தரப்பட்ட பலவற்றுக்கும் வருஷக்கணக்கில் வயதாகிவிட்டது. இந்த அமைப்பு அதன் வேலைக்கு லாயக்கில்லை என்று சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் அறிவித்தார்.

பேரனுக்கு இப்போது பதினைந்து வயது. போன மாதம் மகளிடம் பேசியபோது, அந்த மையத்தின் பக்கம் போனால் சுவரில் இருக்கும் அட்டையின் தேதியைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.